மறித்தவர் டீ வாங்க வேண்டும்

போன வாரம் செங்காங்கில் ரயில் ஏறி லிட்டில் இந்தியாவுக்குப் போய்க்கொண்டிருந்தபோது, என் எதிரில் உட்கார்ந்திருந்த சீன அம்மா திடீரென்று தன் பையை மடியோடு அணைத்துக்கொண்டார். காரணம் நான்தான். என் கைப்பேசிக்குள் ஒரு ரயில் ‘கூ’ என்று ஊதியது. உடனே என் இரண்டு கைகளும், கைப்பேசியோடு சேர்ந்து, தலைமேல் போய் உட்கார்ந்துகொண்டன. ஐம்பதை நெருங்கும் ஒரு பெண், அலுவலகம் போகும் உடையில், போலீஸிடம் மாட்டிக்கொண்டவளைப் போல இரண்டு கையையும் தலையில் வைத்திருந்தால் யார்தான் பயப்பட மாட்டார்கள்?

அவரிடம் என்ன சொல்ல முடியும்? ரயில் போகும்போது கையைத் தலையில் வைக்க வேண்டும், அது எங்கள் சட்டம் என்றா? அசடு வழியச் சிரித்துவிட்டுக் கையை இறக்கினேன். ஆனால் உள்ளே கொதித்துக்கொண்டிருந்தது. இதை எழுதும்போதும் கொதிக்கிறது. பழைய நாட்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பொதுவாகக் கண் கலங்கி எழுதுவார்கள். எனக்குப் பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுத வருகிறது. நண்பர் என்ற உரிமையில் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கைப்பேசியில் நான் ஆடுவது ஒரு ரயில் விளையாட்டு. முன்பு அட்டைப்பெட்டியில் வந்தது, இப்போது திரைக்குள் போய்விட்டது. ஒரு நாட்டின் வரைபடம் இருக்கும். ஊருக்கு ஊர் வண்ணக் கோடுகள். நம் கையில் சேரும் வண்ணச் சீட்டுகளைக் கொடுத்து, அதே நிறக் கோட்டின்மேல் குட்டிக் குட்டி ரயில் பெட்டிகளை வரிசையாக வைத்துப் பாதை போட வேண்டும். எந்த ஊரை எந்த ஊரோடு சேர்க்கப்போகிறோம் என்பது அவரவர் ரகசியம். ஒரு கோட்டில் ஒருவருக்குத்தான் இடம். இன்னொருவர் முந்திக்கொண்டு தன் பெட்டிகளை வைத்துவிட்டால், நாம் ஊரைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியதுதான். அந்த மறிப்பில்தான் விளையாட்டின் உயிரே இருக்கிறது.

திரையில் வந்த பிறகு இந்த விளையாட்டுக்கு மரியாதை முற்றிவிட்டது. நான் தோற்றால்கூட “அருமை! நன்றாக ஆடினீர்கள்!” என்று ஆங்கிலத்தில் சொல்லி, மேலிருந்து வண்ணக் காகிதம் தூவுகிறது. தோற்றவளுக்கு எதற்கு அலங்காரம்? தவறான இடத்தில் பெட்டி வைக்கப்போனால் வைக்கவே விடாது, கோடு சாம்பல் நிறமாகிவிடும். கள்ள ஆட்டம் ஆட வழியே இல்லை. கள்ள ஆட்டம் ஆடுகிறவரைக் கையும் களவுமாகப் பிடிக்கும் சுகமும் இல்லை. அப்புறம் அந்த ஊதல். சோப்புத் தண்ணீரில் கழுவி எடுத்ததைப் போன்ற ஊதல். உண்மையான ரயில் அப்படி ஊதாது. எனக்குத் தெரியும், ஒரு காலத்தில் ஞாயிறுதோறும் என் முதுகுக்குப் பின்னாலேயே ஊதியிருக்கிறது.

அப்போது தஞ்சோங் பகாரில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் எனக்கு முதல் வேலை. அலுவலகத்தில் குளிர்சாதனக் காற்றும் நகல் இயந்திரத்தின் மை வாசமும். மதியம் வெளியே வந்தால் பழைய ரயில் நிலையத்துக் கடைகளிலிருந்து ஆட்டுக்கறிக் குழம்பும் பரோட்டாவும் மணக்கும். மலேசியாவுக்குப் போகும் ரயில் அங்கிருந்துதான் புறப்படும். நாங்கள் ரயில் ஏறப் போனதில்லை, பரோட்டா சாப்பிடத்தான் போவோம். நாங்கள் என்றால் மூன்று பேர். நான், என் பக்கத்து மேசை லெட்சுமி, திருச்சிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்திருந்த சுந்தர்.

அந்த வருடக் கிறிஸ்துமஸுக்கு அலுவலகத்தில் பரிசு மாற்றிக்கொண்டார்கள். எனக்கு மின்சாரக் கெண்டி கிடைத்தது. சுந்தருக்குக் கிடைத்தது இந்த ரயில் விளையாட்டுப் பெட்டி. அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. வாடகை அறையில் சுடுதண்ணீருக்கு அல்லாடிக்கொண்டிருந்த மனிதர் அவர்.

“ஏங்க, உங்க கெட்டிலை எனக்குக் குடுத்துட்டு இதை நீங்க வச்சுக்குங்களேன்” என்று என்னிடம் கெஞ்சினார்.

லெட்சுமி விடவில்லை. “ரெண்டையும் எடுத்துக்கிட்டு சண்டே எங்க வீட்டுக்கு வாங்க லா. கெட்டில் யாருக்குன்னு ஆடிப் பார்த்துடலாம்.”

அப்படித்தான் ஆரம்பித்தது. கெண்டியை லெட்சுமிதான் ஜெயித்தாள். ஜெயித்த கையோடு அதைச் சுந்தருக்குக் கொடுத்தும்விட்டாள். ஆனால் பெட்டி அவள் வீட்டிலேயே தங்கிவிட்டது.

குவீன்ஸ்டவுனில் பழைய அடுக்குமாடி அவள் வீடு. லிஃப்ட் எல்லா மாடியிலும் நிற்காத காலம். நின்ற மாடியில் இறங்கி மிச்சத்தைப் படியில் ஏற வேண்டும். கூடத்தில் பாய் விரித்து, நடுவில் வரைபடத்தைப் போட்டு, மின்விசிறிக் காற்றில் சீட்டுகள் பறக்காமலிருக்க மிளகாய்த்தூள் டின்னை மேலே வைப்போம். அதனால் எங்கள் சீட்டுகளில் எப்போதும் மிளகாய்த்தூள் வாசம் அடிக்கும். மூக்கைச் சொரிந்தவர் கதி அதோகதி. வரைபடத்திலிருந்த ஊர்ப் பெயர்கள் எங்கள் யார் வாயிலும் நுழையவில்லை. லெட்சுமி வெள்ளைத்தாளை நறுக்கி ஒட்டிப் புதுப் பெயர் வைத்தாள். தேக்கா, ஜூரோங், ஈப்போ, கிள்ளான் என்று எங்களுக்குத் தெரிந்த ஊர்கள். சுந்தர் அடம்பிடித்து ஒரு மலையடிவாரத்து ஊருக்கு மணப்பாறை என்று பெயர் வாங்கினார். வரைபடத்தின் நடுவில் ஒரு குறுகிய கோடு. வடக்கே போக வேண்டுமானால் அதை விட்டால் நேர்வழி கிடையாது. மலேசியாவுக்குப் போகும் ஜோகூர் பாலத்தில் வண்டிகள் நெரிவதை நினைத்து அதற்கு ‘காஸ்வே’ என்று பெயர். எங்கள் சண்டைகளில் முக்கால்வாசி அந்தக் காஸ்வேயில்தான் நடந்தன.

வீட்டுக்குப் பின்னால் ரயில் பாதை. மலேசிய ரயில் போகும்போது சன்னல் கண்ணாடி கடகடவென்று ஆடும். எத்தனை முறை பார்த்தாலும் மூவரும் தலையைத் திருப்பி வேடிக்கை பார்ப்போம். திரும்பிப் பார்ப்பதற்குள் வரைபடத்தில் ஏதோ ஒரு பெட்டி இடம் மாறியிருப்பதாக லெட்சுமிக்குச் சந்தேகம். சுந்தர்மீதுதான். சந்தேகம் நியாயமானது என்றே நானும் நினைக்கிறேன். அதற்குத்தான் அந்தச் சட்டம் வந்தது. ரயில் ஊதினால், அது போய் முடியும்வரை எல்லாரும் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொள்ள வேண்டும். சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த லெட்சுமியின் அம்மா, படித்து வேலைக்குப் போகும் மூன்று பேர் பள்ளிக்கூடத் தண்டனை போலக் கையைத் தலையில் வைத்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். என் கைகளுக்கு அந்தச் சட்டம் இன்னும் மறக்கவில்லை.

இன்னொரு சட்டமும் இருந்தது. மறித்தவர் டீ வாங்க வேண்டும். யாருடைய வழியை நீங்கள் மறித்தீர்களோ, அவருக்கு நீங்களே கீழே இறங்கிப் போய், காப்பிக் கடையில் டீ வாங்கி வர வேண்டும். பிளாஸ்டிக் பையில் கொதிக்கக் கொதிக்க ஊற்றி வாயில் சிவப்புக் கயிறு கட்டிக் கொடுப்பார்கள். அதை விரலில் மாட்டிக்கொண்டு படி ஏறி வர வேண்டும். நீங்கள் போய்வரும்வரை ஆட்டம் நிற்கும். மறிக்கப்பட்டவர் அதுவரை உங்களை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருக்கலாம். டீ கையில் வந்த பிறகு ஒரு சொல் திட்டக் கூடாது. இதுவும் லெட்சுமி போட்ட சட்டம்தான். அவளுக்குத்தான் இது அதிகம் தேவைப்பட்டது. அவ்வளவு கோபக்காரி அவள்.

லெட்சுமியின் கோபத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு ஈப்போவையும் தேக்காவையும் சேர்க்க ஒரே ஒரு கோடுதான் பாக்கி. அது காஸ்வே. சீட்டுகள் கையில் தயாராக இருந்தன. அடுத்த முறை அவளுடையது. அதற்குள் சுந்தர் ஒரு அவசியமும் இல்லாமல் தன் மஞ்சள் பெட்டிகளைக் கொண்டுபோய் அங்கே வைத்துவிட்டார். வைத்ததோடு நிற்கவில்லை. அவள் முகம் சிவப்பதைப் பார்த்துப் பதறி, “விடுங்க லெட்சுமி, கேம்தானே?” என்றார்.

அவ்வளவுதான். லெட்சுமி கையிலிருந்த சீட்டுகளை விசிறி அடித்தாள். ஒன்று மின்விசிறியில் மோதிச் சமையலறை வாசலில் போய் விழுந்தது.

“கேம்தானா? கேம்தான்னா அப்ப எதுக்கு ஆட வந்தீங்க? ரூம்ல படுத்துத் தூங்க வேண்டியதுதான? நான் காலைலேர்ந்து இதுக்காக உட்கார்ந்திருக்கேன், கேம்தானாம்ல!”

உச்சக் கோபத்திலும் ‘ங்க’ போட்டுத்தான் திட்டினாள். சுந்தர் செருப்பைக்கூட ஒழுங்காக மாட்டாமல் டீ வாங்க ஓடினார். மூன்று பைகளை விரலில் தொங்கவிட்டுக்கொண்டு மூச்சிரைக்கத் திரும்பி வந்தார். ஒரு பை ஒழுகி அவர் கால்சட்டையெல்லாம் டீ. லெட்சுமி வாங்கிக்கொண்டாள். சுவரைப் பார்த்தபடி உறிஞ்சிக் குடித்தாள். பாதி குடித்ததும், “சீனி பத்தல” என்றாள். ஆட்டம் தொடர்ந்தது.

அன்றைக்கு எனக்கு அவளைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது. என் வாழ்க்கையில் எதற்காகவும் நான் அப்படி உட்கார்ந்திருந்ததில்லை. எதிரில் இருப்பவர் என்ன செய்கிறார் என்பது அவளுக்கு அவ்வளவு முக்கியமாக இருந்தது. மனிதருக்கு மனிதர் தரக்கூடிய பெரிய மரியாதை அதுதான் என்று இப்போது நினைக்கிறேன். அப்போது அவளைச் சிடுமூஞ்சி என்றுதான் கூப்பிடுவேன்.

பிறகு எல்லாம் வழக்கம்போல. எனக்குக் கல்யாணமாகி, கொஞ்ச வருடத்தில் செங்காங்கில் வீடு கிடைத்தது. சுந்தர் மெல்பர்னுக்குப் போய்விட்டார். மலேசிய ரயில் அந்த வழியாக ஓடுவது நின்றது. லெட்சுமியின் அடுக்குமாடிப் புளோக்கை இடித்தார்கள். அவளுக்கு அங்கேயே பக்கத்தில் உயரமான புதுக் கட்டடத்தில் வீடு. ரயில் போன இடத்தில் இப்போது புல்வெளி நடைபாதை. அங்கங்கே கொஞ்சம் தண்டவாளம் விட்டுவைத்திருக்கிறார்கள், படம் எடுத்துக்கொள்ள. யாரும் சண்டை போட்டுப் பிரியவில்லை. சண்டை போட்டிருந்தால் டீ வாங்கிக் கொடுத்துச் சேர்ந்திருப்போம். தீபாவளிக்கு விளக்குப் படம், பொங்கலுக்குப் பானைப் படம் அனுப்பிக்கொள்ளும் நிலைக்கு வந்துவிட்டோம். இந்தச் சின்னத் தீவில், ஒரு முறை ரயில் மாறி ஏறினால் போய்ச் சேரும் தூரத்தில் இருந்துகொண்டு.

அப்படி இருந்தபோதுதான் சுந்தர், மெல்பர்னிலிருந்து எங்கள் மூன்று பேர் குழுவுக்கு ஒரு இணைப்பை அனுப்பினார். “நம்ம கேம் போன்ல வந்துடுச்சுங்க! அவங்கவங்க நேரத்துக்கு ஆடிக்கலாம்.”

முதல் வாரம் அமர்க்களப்பட்டது. “காஸ்வே பக்கம் வந்தா கையை ஒடச்சிடுவேன்டி” என்று லெட்சுமி எழுதினாள். படித்துவிட்டு ரயிலில் தனியாகச் சிரித்தேன். திரையில் ஊர்களுக்கு வாயில் நுழையாத அந்தப் பழைய பெயர்கள்தான். எனக்கு அவை தேக்காவும் மணப்பாறையும்தான். பிறகு எழுதுவது குறைந்தது. பரவாயில்லை, ஆட்டம் நிற்கவில்லையே. காலையில் எழுந்து பார்த்தால் லெட்சுமி ஆடியிருப்பாள். வட்டத்துக்குள் அவள் சிரிக்கும் படம், கீழே அவள் பெயர், வரைபடத்தில் அவளுடைய சிவப்புப் பெட்டிகள். மாதக்கணக்கில் ஆடினோம். ஒரு ஆட்டம் முடிந்தால் தானாகவே அடுத்தது தொடங்கிவிடும்.

அவள் மகளின் நடன அரங்கேற்றத்துக்கு நான் போக முடியவில்லை, காய்ச்சல். மறுநாள் காலை பார்த்தால் காஸ்வேயில் சிவப்புப் பெட்டிகள். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். பார்த்தீர்களா, கோபத்தைக் காட்டுகிறாள்! அவளுக்குக் கோபம் என்றால் நான் இன்னும் அவள் கணக்கில் இருக்கிறேன் என்று அர்த்தம். அவள் பிறந்தநாளன்று என் வழியை மறிக்காமல் விட்டாள், அதைப் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டேன். போன் பண்ணலாமே என்று கணவர் சொன்னபோது, “தினமும் பேசிக்கிட்டுத்தானே இருக்கோம்” என்றேன். எனக்கு அது பேச்சாகவேதான் இருந்தது.

போன வாரம் ரயிலில் கையைத் தலையில் வைத்த கதை சொன்னேனே, அதற்கு முந்தின சனிக்கிழமை லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தையில் மீன் கடை முன்னால் லெட்சுமியைப் பார்த்தேன். ஐஸ் தண்ணீர் காலடியில் ஓட, ஒரு கையில் வாழைப்பூவும் மறு கையில் கைப்பேசியுமாக நின்றிருந்தாள். எத்தனை வருடம்! கட்டிப்பிடித்துக்கொண்டோம். எனக்கு வாய் நிற்கவில்லை.

“எங்கடி என் டீ? இந்த மாசம் மட்டும் எத்தனை வாட்டி காஸ்வேயை மறிச்சிருக்க? வா, காப்பிக் கடையில எல்லாத்தையும் சேத்து வாங்கிக் குடு.”

அவள் விழித்தாள். “எந்த காஸ்வே?”

“கேம்டி! நேத்துகூட மறிச்சியே!”

“ஐயோ, அந்த கேமா? அதை நான் எப்பவோ விட்டுட்டேன் லா. போன் மாத்துனேன்ல, அதுக்கப்புறம் போடவே இல்ல. சுந்தரும் விட்டுட்டாருன்னு நெனக்கிறேன். நாம ஆடலன்னா கம்ப்யூட்டரே நமக்குப் பதிலா ஆடிடுமாம். என் பொண்ணு சொன்னா.” பிறகு என் முகத்தைப் பார்த்தாள். “நீ இன்னும் ஆடிக்கிட்டா இருக்க?”

ஆட்டத்தில் அவள் பெயருக்குப் பக்கத்தில் கடுகு அளவில் ஒரு சக்கரம் இருக்கும். வெள்ளெழுத்துக் கண்ணாடி இல்லாமல் எனக்கு அது பூப்போலத் தெரியும். ஏதோ அலங்காரம் என்று நினைத்திருந்தேன். இயந்திரம் ஆடுகிறது என்பதற்கான குறியாம் அது. சுந்தர் பெயருக்குப் பக்கத்திலும் அதே பூ உண்டு. மாதக்கணக்கில் இரண்டு இயந்திரங்களுக்கு நடுவில் உட்கார்ந்து நான் ஒருத்தி மட்டும் கோபித்து, மன்னித்து, உருகியிருக்கிறேன். இதை அந்தத் திரை ஒரு வரியில் சொல்லியிருந்தால் என்ன, “உங்கள் தோழி போய்விட்டார்” என்று? அவள் பெயரையும் அவள் சிரிப்பையும் மாட்டிக்கொண்டு ஆட அந்தச் சனியனுக்கு யார் உரிமை கொடுத்தது? சரி, அதைச் செய்தவர்களுக்கு என்னைத் தெரியாது. இவளுக்குத் தெரியுமே! “நான் ஆடலடி” என்று ஒரு சொல் எழுத இவளுக்கு விரல் இல்லையா?

கத்த வேண்டும்போல இருந்தது. கத்தியும் இருப்பேன், அதற்குள் அவள் என் தோளைத் தட்டினாள்.

“ஏன்டி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? விடு லா, கேம்தானே?”

மீன் வெட்டும் சத்தம்கூட எனக்கு நின்றுபோனது.

“கேம்தானா?” என்றேன். “கேம்தான்னா அப்ப எதுக்குடி ஆட வந்த?”

அவள் சிரித்தாள். நான் ஏதோ வேடிக்கையாகச் சொன்னதாக நினைத்துக்கொண்டாள். அது அவளுடைய சொல் என்று அவளுக்கே ஞாபகம் இல்லை. “முன்ன மாதிரி இல்லடி நான். பிரஷர் வந்துச்சுல, டாக்டர் கோவமே படக் கூடாதுன்னுட்டாரு. இப்பல்லாம் எதுக்கும் டென்ஷன் ஆகறதில்ல. மூச்சுப் பயிற்சி பண்றேன். நீயும் வாயேன், சண்டே மார்னிங்.” சண்டே மார்னிங்!

“டீயாவது குடிக்கலாம் வா” என்றேன்.

“அவர் கார்ல வெயிட் பண்றாருடி. அடுத்த வாட்டி கண்டிப்பா.” நகர்ந்தவள் திரும்பிப் பார்த்துக் கண்ணடித்தாள். “அதோட, நான் மறிக்கலையே! நான் எதுக்கு டீ வாங்கணும்?”

சட்டப்படி அவள் சொன்னது சரி. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

அவள் உடம்பு நன்றாக இருக்க வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அந்த டாக்டர்மீது எனக்குக் கோபம் இருக்கிறது என்று சொன்னால் நீங்கள் என்னைப் பைத்தியம் என்பீர்கள். இருக்கிறது. அந்த ரயில் நிலையம் மூடப்பட்டதைப் பற்றி எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். புளோக்கை இடிக்கும் முன் படம் எடுத்துக் கண்காட்சி வைத்தார்கள். பிளாஸ்டிக் பை டீயை நினைத்து உருகவும் ஆள் இருக்கிறது. குவீன்ஸ்டவுனில் ஒரு கூடத்தில், ஒரு கோட்டை மறித்ததற்காகச் சீட்டுகளை மின்விசிறிமேல் எறிந்தாளே ஒருத்தி, அவள் போனது மட்டும் யாருக்கும் தெரியவில்லை. அவளுக்கேகூடத் தெரியவில்லை.

இயந்திரத்தைப் பற்றி ஒன்று சொல்லி முடித்துவிடுகிறேன். இத்தனை நாளும் அது என்னை மறித்ததாக நினைத்திருந்தேன். இல்லை. அதற்கு அந்த வழியாகப் போக வேண்டியிருந்தது, போனது. நான் அங்கே நிற்பதே அதற்குத் தெரியாது. சோதித்துப் பார்க்க, தேக்காவிலிருந்து வந்த அன்று மாலை, எனக்குத் தேவையே இல்லாமல், கையிலிருந்த நல்ல சீட்டுகளையெல்லாம் செலவழித்து லெட்சுமியின் சிவப்புப் பாதையைக் காஸ்வேயில் மறித்தேன். அவள் படம் சிரித்தது. மறு நொடியே வேறு பக்கமாகப் பெட்டிகளை வைத்துவிட்டு, இப்போது உங்கள் முறை என்றது.

நான் எழுந்து சட்டையை மாற்றிக்கொண்டு கீழே காப்பிக் கடைக்குப் போனேன். மறித்தவர் டீ வாங்க வேண்டுமல்லவா? பிளாஸ்டிக் பையில் கேட்டு வாங்கி, விரலில் மாட்டிக்கொண்டு, எல்லா மாடியிலும் நிற்கும் லிஃப்ட்டில் ஏறி வந்து, சாப்பாட்டு மேசையில் கைப்பேசிக்குப் பக்கத்தில் வைத்தேன். கணவர் பார்த்துவிட்டு, “யாருக்கு?” என்றார். ரொம்ப நேரம் கழித்து நானே எடுத்துக் குடித்தேன். ஆறிப்போயிருந்தது. சீனியும் பத்தவில்லை.